போனை அணைத்து வைத்தவர்

வேலை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவன் நல்லவன். கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்புகிறவன்தான் ஆளை உயிரோடு கொல்கிறவன். கண்ணாடிக்காரர் இந்த முடிவுக்கு வந்து பல மாதம் ஆகியிருந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடையது பருந்துப் பார்வை. பஸ் கம்பெனியில் ஓட்டுநராக இருந்த காலத்தில் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் ஓட்டுவார். எவன் படியில் தொங்குகிறான், எவன் அடுத்தவன் பைக்குள் கை விடுகிறான், எவன் சீட்டைக் கிழிக்கிறான் என்று எல்லாம் தெரியும். யாரையும் நம்பாத பிறவி. பெற்ற மகள் டீ கொடுத்தாலும் சர்க்கரை போட்டாயா என்று கேட்பார். போட்டேன் என்று அவள் சொன்ன பிறகும் கலக்கிப் பார்த்துத்தான் குடிப்பார். கூட்டாளிகள் வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தக் கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் கூப்பிடுகிறோம் என்றார்கள். கிணற்றில் போட்ட கல்தான். கூப்பிட்டவன் ஒருத்தனும் இல்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பும் டயாலிசிஸ் சென்டர் ஒன்று. நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு ஓட்டுநர் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதுவரை எடுப்பார்களாம். மற்ற இடங்களில் ஐம்பதிலேயே கதவைச் சாத்துகிறார்கள். இவருக்கு அடுத்த மாதம் ஐம்பத்தெட்டு முடிகிறது. இதுவும் கைவிட்டுப் போனால் போய் நின்று கேட்பதற்கு இன்னொரு வாசல் கிடையாது. மனைவி சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு இஸ்திரி போடுகிறாள். சாயங்காலம் வந்ததும் வீங்கின காலைத் தூக்கி ஒரு நாற்காலி மேல் வைத்துக்கொள்வாள். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

மகள்தான் போனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள். அதிலிருந்து செய்தி வர ஆரம்பித்தது. முதலில், 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.' அடுத்து, 'நேர்முகத் தேர்வுக்குத் தாங்கள் தேர்வாகியுள்ளீர்கள். நாள் பின்னர் அறிவிக்கப்படும்.' பிறகு ஒரு நாளைக் குறித்து ஒன்று. அன்றைக்குச் சாயங்காலமே, 'முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்.'

"எந்த முந்தைய செய்தி?" என்று மனைவியிடம் கேட்டார். "நாள் குறிச்சதா, இல்ல என்னைத் தேர்ந்தெடுத்ததா?"

"என்னைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? போன் பண்ணிக் கேளுங்களேன்."

பண்ணினார். ஒரு பெண் எடுத்து, ஒரு நிமிஷம் சார் என்றாள். பாட்டு போட்டார்கள். அந்தப் பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பிறகு லைன் அறுந்துபோனது.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"பாடினாங்க," என்றார்.

கடைசியில் புதன்கிழமை சாயங்காலம் ஒன்று வந்தது. 'நாளை காலை போக்குவரத்துப் பிரிவுக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.' அவ்வளவுதான். எத்தனை மணிக்கு என்று இல்லை.

"காலைன்னா பத்து மணியா இருக்கும்ங்க. ஆபீஸ்காரங்களுக்கு அப்பதான் விடியும்."

"ஆபீஸ்காரனுக்குப் பத்து மணி. டிரைவருக்குக் காலைன்னா முதல் வண்டி. டிரைவர் வேலைக்குத்தானே கூப்பிடுறான்? முதல் வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி போய் நிக்கணும். மணி போடாம விட்டதே அதுக்குத்தான். ஆளு எப்ப வரான்னு பார்த்து எடை போடுறதுக்கு."

"ஒருத்தன் தும்மினாக்கூட உங்களுக்கு அதுல ஒரு சூது தெரியும்."

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. பஸ் கம்பெனியில் அவரை வேலைக்கு எடுத்ததே அப்படித்தான். இந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வா என்றார்கள். பாதி வழியில் அழுக்குச் சட்டையோடு ஒருத்தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஏறியதிலிருந்து சண்டை. நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்து என்றான், கண்ணு தெரியுமா உனக்கு என்றான். இவர் வாயைத் திறக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. வண்டி டிப்போவுக்குத் திரும்பியதும் அந்த மூட்டைக்காரன் நேரே உள்ளே போய் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தான். நாளையிலிருந்து வா என்றான். ஓட்டுநருக்கு வைக்கிற தேர்வு வண்டிக்குள்தான் நடக்கும், தேர்வு வைக்கிறவன் யார் என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள் என்பது அன்றைக்கே அவர் மண்டையில் ஆணியடித்த மாதிரி இறங்கிவிட்டது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே சான்றிதழ்க் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சென்டரின் பின்பக்கக் கேட்டில் நின்றார். உள்ளே தகரக் கொட்டகை. வெள்ளை வேன்கள் வரிசையாக நின்றன. சுவரில் ஆணி அடித்து, ஆணிக்கு ஒரு சாவி தொங்கியது. அதற்கு முன்னால் ஒரு நடுத்தர வயது அம்மாள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே நெரித்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். வண்டிகளுக்குப் பொறுப்பு அவள்தான். எல்லோரும் சாவி மேடம் என்பார்கள்.

"டிரைவரா?" என்றாள், போனை எடுக்காமலே.

"ஆமாங்க."

"ஏன் லேட்டு?"

இவருக்குச் சுருக்கென்றது. விடியாத நேரத்துக்கு வந்தவனைப் பார்த்து லேட்டு என்கிறாள். கோபம் வருகிறதா என்று பார்க்கிறாள். சரி, ஆரம்பித்துவிட்டார்கள். "மன்னிக்கணும்ங்க," என்று கோப்பைத் திறந்து லைசென்ஸை நீட்டினார்.

"இதென்ன, கண்காட்சியா? உள்ள வைங்க. மூணாம் நம்பர் வண்டி. மூணு பேரை ஏத்திட்டு வரணும். முகவரி ஸ்டியரிங்குல ஒட்டியிருக்கு. கிளம்புங்க, கிளம்புங்க."

வந்து நிற்கிறவன் பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்க ஆளில்லை. எழுந்து நிற்கவே தெம்பில்லாத நோயாளிகளை ஏற்றி வர ஒரு வண்டியைத் தூக்கி, முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்றாம் நம்பர் வண்டியின் நிரந்தர ஓட்டுநர் வேலையை விட்டுப் போன பிறகு ஏஜென்சியிலிருந்து வாரம் ஒரு வாடகை ஆள் வந்துகொண்டிருந்தான். இன்றைக்கும் ஒருத்தன் வரவேண்டும். வந்தது அவன்தான் என்று நினைத்துக்கொண்டாள். முகத்தைப் பார்க்கிற வழக்கத்தை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். சக்கர நாற்காலியைத் தரையோடு கட்டும் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் தனக்குத் தோதாகத் திருப்பினார். கடைசியாக போனை அணைத்து முன்னால் இருந்த பெட்டிக்குள் போட்டு மூடினார். போனைக் காதில் வைத்தபடி வளைவில் திரும்பிய ஒரு கூட்டாளியை அவர் பார்த்திருக்கிறார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். வண்டிச் சாவி தன் கையில் இருக்கிறவரை போன் அணைந்து பெட்டிக்குள் கிடக்கும். அது அவர் சட்டம்.

முதலில் ஏறியது கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். உட்கார்ந்ததும், "புது ஆளா? எத்தனை வருஷ அனுபவம்?" என்றாள்.

இவள்தான் தேர்வாளர் என்று இவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. வண்டியைக் கிளப்பாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு, "கனரக வண்டி முப்பது வருஷம்ங்க. விபத்து கிடையாது. வேலை போனது கம்பெனி மூடினதால. குடிப்பழக்கம் இல்லீங்க," என்று ஒப்பித்தார்.

அந்த அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் சும்மா கேட்டேன்ப்பா."

சும்மாவாம். "இனி ஓட்டும்போது பேச மாட்டேங்க," என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

அடுத்து ஒரு பேங்கில் வேலை பார்க்கும் பெண். மகள் வயசுதான் இருக்கும். வணக்கம் அங்கிள் என்று சொல்லிவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பேசாமல் இருந்து வேவு பார்க்கிறாளோ என்று இவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது, கறிக்கடைக்காரர். சர்க்கரை நோயில் ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது. வாய் மட்டும் எங்கேயும் போகவில்லை. சக்கர நாற்காலியைச் சாய்தளத்தில் ஏற்றி, பெல்ட் கட்டி, "இறுக்கமா இருக்குங்களா? காத்து வருதுங்களா? ஏசியைக் குறைக்கட்டுங்களா?" என்று இவர் கேட்கக் கேட்க, அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, போன வாரம் வந்தவன் என்னை மூட்டைன்னு நினைச்சான். நீங்க மந்திரின்னு நினைக்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல மனுஷன்னு ஒருத்தன் இருக்கான் அண்ணே."

வழியில் ஒரு கடையைப் பார்த்ததும், "நிறுத்துங்க, ஒரு ஜூஸ் வாங்கிக்கறேன்," என்றார் கறிக்கடைக்காரர். மூட்டைக்காரனின் ஞாபகம் வந்தது இவருக்கு. நிறுத்தவில்லை. குமாஸ்தா அம்மாள் கை தட்டினாள். "அப்படிப் போடு! இவரு தண்ணியே அளந்துதான் குடிக்கணும். போன வாரத்து ஆள் நிறுத்தினான். குடிச்சுட்டு மூச்சு வாங்கி மெஷின்ல கிடந்தாரு."

"துரோகி," என்றார் கறிக்கடைக்காரர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

சென்டரில் மூவரையும் இறக்கி உள்ளே விட்டாயிற்று. அவர்கள் மெஷினிலிருந்து இறங்க மதியம் ஆகும். இங்கேயே இருங்க, திரும்பக் கொண்டுபோய் விடணும் என்று சாவி மேடம் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்துவிட்டுப் போனாள். இவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். சாவி கையில், போன் பெட்டியில்.

அந்த நேரத்தில்தான் பெட்டிக்குள் கிடந்த போனுக்கு அடுத்த செய்தி வந்து, கதவு தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. 'நேர்முகத் தேர்வு காலை 10 மணி. இடம்: நிர்வாகக் கட்டடம், முதல் மாடி.' எதிர்க் கட்டடத்தின் மாடி வராந்தாவுக்கு, டை கட்டிய ஒரு தம்பி கையில் காகிதத்தோடு வந்தான். ஒரு பேரைக் கூப்பிட்டான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மறுபடி கூப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போனான். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு அது கேட்கவில்லை. எவனோ சொன்ன நேரத்துக்கு வரவில்லை போலிருக்கிறது, இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுப்பு கிடையாது என்று தலையை ஆட்டிக்கொண்டார். அவன் கூப்பிட்டது இவர் பேரைத்தான்.

மதியம் மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காலையில் பேசின வாய்கள் எல்லாம் வாடிப்போயிருந்தன. பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருந்தார்கள். வேகத்தடையில் எல்லாம் வண்டி ஏறியதும் தெரியாமல் இறங்கியதும் தெரியாமல் எடுத்தார். குமாஸ்தா அம்மாளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி, பெரிய சாலைக்கு வந்தபோது கண்ணாடியில் பார்த்தார்.

பேங்க் பெண் ஜன்னலில் சாய்ந்திருந்தாள். காலையிலும் அப்படித்தான் சாய்ந்திருந்தாள். ஆனால் இப்போது உதடு வெளுத்திருந்தது. ஏசி ஓடும் வண்டியில் அவளுக்கு மூக்குக்குக் கீழே வேர்த்திருந்தது.

முதலில் அவருக்குத் தோன்றியது, சொல்லவே கூச்சம்தான், இதுதான் கடைசிக் கேள்வி போலிருக்கிறது என்பதுதான். நடிக்கிறாளா என்று உற்றுப் பார்த்தார். அவள் கையிலிருந்த போன் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க அவள் குனியவில்லை.

"சோதனையாவது மண்ணாங்கட்டியாவது!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"என்ன அண்ணே?" என்ற கறிக்கடைக்காரரின் குரல், திரும்பிப் பார்த்ததும் மாறிவிட்டது. "பிரஷர் இறங்கிடுச்சு. மெஷின்லேர்ந்து வந்தா சில பேருக்கு ஆகும். நர்ஸைக் கூப்பிடுங்க, கதவுல நம்பர் இருக்கு."

கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்து போனை உயிர்ப்பித்தார். டிங் டிங்கென்று எதுவெதுவோ வந்து விழுந்தது. எதையும் பார்க்கவில்லை. நர்ஸ் எடுத்தாள். சீட்டை முழுசா சாய்ங்க, காலை உயர வைங்க, பேச்சுக் கொடுங்க, உடனே திருப்பிக் கொண்டு வாங்க என்றாள். காலுக்கு முட்டுக் கொடுக்க வண்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை. தன் சான்றிதழ்க் கோப்பை எடுத்து, அதன்மேல் தன் பையை வைத்து, இரண்டு காலையும் தூக்கி அதில் வைத்தார்.

"அம்மாடி, கண்ணைத் திற. என்ன பேங்கும்மா உன்னோடது?"

"...லோன் வேணுமா அங்கிள்?" என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டே.

"உயிர் இருக்கு," என்றார் கறிக்கடைக்காரர்.

சாவியைத் திருகப் போனபோது போன் அடித்தது. "சார், நேர்முகத் தேர்வு சம்பந்தமா பேசறோம். நீங்க ஏன் —"

நேர்முகத் தேர்வா? அது அங்கே நடக்கிறதென்றால் இது என்ன? எத்தனையோ மாதமாக எந்தக் குரலுக்குக் காத்திருந்தாரோ அந்தக் குரல். "இப்ப முடியாது," என்று துண்டித்து, போனை அணைத்துப் பெட்டியில் போட்டார். வண்டியைத் திருப்பினார்.

வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, "பிரஷர் சரியாயிடுச்சு. கொஞ்சம் படுத்துட்டுப் போகட்டும். நல்ல வேளை, உடனே கொண்டு வந்தீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக்காரர் வேனின் படியில் உட்கார்ந்தார்.

சாவி மேடம் வந்தாள். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்களையே நாளைக்கும் அனுப்பச் சொல்லலாம்னு ஏஜென்சிக்குப் போன் பண்ணேன். இன்னிக்கு அவன் ஆளே அனுப்பலையாம். அப்ப நீங்க யாரு?"

"இன்டர்வியூவுக்கு வந்தவன்."

"எந்த இன்டர்வியூ? அது மாடியில பத்து மணிக்கே முடிஞ்சு போச்சே!"

அவர் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக மனசில் திருப்பிப் பார்த்தார். ஏன் லேட்டு என்று கேட்டவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள். சும்மா கேட்டேன் என்றவள் சும்மாதான் கேட்டிருக்கிறாள். ஒருத்தரும் அவரைச் சோதிக்கவில்லை. அடுத்த மாதம் ஐம்பத்தெட்டு.

சாவி மேடம் போனில் போட்ட சத்தத்தில் டை கட்டிய தம்பி மாடியிலிருந்து ஓடி வந்தான். ஆள் எடுக்கும் பொறுப்பு அவனுக்குத்தான். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சார், மெசேஜ் அனுப்பினோம். போன் பண்ணோம். ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் எடுத்தீங்க, கட் பண்ணிட்டீங்க. வரலை, ஆர்வமில்லைன்னு எழுதி மேலிடத்துக்கு அனுப்பிட்டேன் சார்."

"வண்டி ஓட்டும்போது நான் போனைத் தொடமாட்டேன்."

"எந்த வண்டி?"

"உங்க வண்டிதான்."

தம்பி வேனைத் திரும்பிப் பார்த்தான்.

"இவரு வரலைன்னா," என்றாள் சாவி மேடம், "காலைலேர்ந்து என் மூணாம் நம்பரை ஓட்டினது யாரு, பேயா?"

கண்ணாடிக்காரர் எழுந்தார். "தம்பி, நான் அதிகம் படிக்காதவன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காலைல வாங்கன்னு எழுதி, மணி போடாம விட்டது யாரு?"

தம்பி தன் செருப்பைப் பார்த்தான். "நான்தான் சார். அப்ப மணி முடிவாகலை. அப்புறமா அனுப்பலாம்னு விட்டேன்."

"என்னோட சேர்த்து எத்தனை பேரைக் கூப்பிட்டீங்களோ, அதுல யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தர் வந்தார். அவருக்குக் கனரக லைசென்ஸ் இல்லை." கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டான். "மத்தவங்க இந்நேரம் எங்கே நிக்கறாங்களோ தெரியலை."

அப்போது வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, உங்க பஞ்சாயத்து முடியறதுக்குள்ள எனக்கு அடுத்த டயாலிசிஸ் வந்துரும். என்னைக் கொண்டுபோய் வீட்டுல விடுங்க."

கறிக்கடைக்காரரை எல்லோரும் மறந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் சாவியை எடுத்தார். தம்பி குறுக்கே ஓடி வந்தான். "நீங்க எடுக்கக் கூடாது சார்! நீங்க எங்க ஆள் இல்லை. ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கிடைக்காது."

"காலைலேர்ந்து எடுத்தேனே?"

"அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியுமே!"

"அருமை," என்றார் கறிக்கடைக்காரர். "தெரியாதவரைக்கும் வண்டி ஓடுச்சு. தெரிஞ்சதும் நின்னுடுச்சு."

மற்ற ஓட்டுநர்கள் அவரவர் வண்டியோடு வெளியே போயிருந்தார்கள். சாவி மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அவசரத்துக்கு ஒரு நாள் உத்தரவு போட உங்களுக்கு அதிகாரம் இருக்குல்ல? போன மாசம் ஏஜென்சி கைவிட்டப்போ போட்டீங்களே. போடுங்க."

"லைசென்ஸைப் பார்க்காம எப்படிப் போடுறது? எங்க சார் உங்க சான்றிதழ் எல்லாம்?"

"அந்தப் பொண்ணு காலுக்கு அடியில இருக்கு."

ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போயிருந்த கோப்பை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். தம்பி வெயிலில் நின்றபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு மூலையில் குதிகால் பட்டு மடங்கியிருந்தது. அதை விரலால் நீவிவிட்டான். பிறகு வேனின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். "நானும் கூட வரேன் சார். கேட்க வேண்டியதைப் போற வழியில கேட்டுடறேன்."

வண்டி கிளம்பியது. முன்சீட்டில் உட்கார்ந்த தம்பி காகிதத்தைப் பிரித்தான். "உங்களைப் பத்திச் சொல்லுங்க சார்."

கண்ணாடிக்காரர் கியரை மாற்றினார்.

"சார்?"

"அண்ணன் ஓட்டும்போது பேச மாட்டாரு தம்பி," என்றார் பின்னாலிருந்து கறிக்கடைக்காரர். "இப்பக் காத்திருக்க வேண்டியது உங்க முறை."

தம்பியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கப் போனவன், கண்ணாடிக்காரர் ஒரு பார்வை பார்த்ததும் அணைத்து உள்ளே வைத்தான். அதற்குப் பிறகு அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். வேகத்தடை வரும்போது கைப்பிடியைப் பற்றினான். அடுத்ததற்குப் பற்றவில்லை.

கறிக்கடை வாசலில் சாய்தளத்தை இறக்கி, நாற்காலியை உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். "என் ஓட்டு அண்ணனுக்கு," என்றார் கறிக்கடைக்காரர்.

"இது தேர்தல் இல்லீங்க."

"தெரியும் தம்பி. தேர்தல்னா தேதியாவது சொல்லுவாங்க."

வெளியே வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு தம்பி கேள்விகளைக் கேட்டான். இவர் பதில் சொன்னார். கடைசியில், "அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்கன்னு நினைக்கறீங்க?" என்று படித்தான்.

"அது நீங்க அனுப்பற மெசேஜைப் பொறுத்தது."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தை மடித்தான். "சரி சார். மேலே பேசிட்டு உங்களைக் கூப்பிடு..." என்று ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"அதை மட்டும் சொல்லாதீங்க தம்பி. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. வண்டியை விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

தம்பி போனை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்தான். காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. "வந்தாரு சார்... இல்ல சார், அவர் தப்பு இல்ல, மணி போடாம விட்டது நான்... ஆமா சார், அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்காங்க..." பிறகு நெடுநேரம் ஆமா, ஆமா என்று தலையை ஆட்டினான். திட்டு வாங்குகிறான் என்று தெரிந்தது. கண்ணாடிக்காரர் பக்கக் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தான். "மூணு மாசம் பார்ப்பாங்க சார். அப்புறம் நிரந்தரம். நாளன்னிக்குக் காலைல வாங்க."

"காலைன்னா?"

"ஆறு மணி."

"எங்க?"

"பின்பக்க ஷெட்டு. சாவி மேடம்கிட்ட."

"வேலைக்கா, இன்டர்வியூவுக்கா?"

"வேலைக்கு சார்."

"எழுதிக் குடுங்க."

"மெசேஜ் அனுப்பறேனே?"

கண்ணாடிக்காரர் பேனாவை நீட்டினார். கேள்வித்தாளின் பின்பக்கத்தில் தம்பி நாள், மணி, இடம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவர் அதை மெல்ல வாய்க்குள் படித்தார். மறுபடி படித்தார்.

"முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம்னு ஒண்ணு வருமா?"

"வராது சார்."

"வந்தாலும் நான் வருவேன்."

வண்டியைக் கொட்டகையில் விட்டு, சாவியை மூன்றாவது ஆணியில் மாட்டினார். பேங்க் பெண்ணை அவள் அண்ணன் வந்து கூட்டிப்போய்விட்டான் என்றாள் சாவி மேடம். நாளன்னிக்கு லேட்டா வராதீங்க என்றும் சொன்னாள். இந்தத் தடவை அவள் சிரித்தாள். சாவி கையை விட்டுப் போன பிறகு போனை எடுத்தார். மனைவி பலமுறை கூப்பிட்டிருந்தாள்.

"எங்கங்க போனீங்க? விடியறதுக்கு முன்னாடி போன மனுஷன்! என்ன, கூப்பிடுறோம்னாங்களா?"

"இல்ல."

சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியை வைக்கும் சத்தம் மட்டும் டக்கென்று கேட்டது.

"வரச் சொல்லிட்டாங்க," என்றார். "மணி சொல்லி."

"நம்பலாமா?"

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். காகிதம் இருந்தது.

"வீட்டுக்குப் போய் காலைத் தூக்கி வெச்சு உட்காரு. வந்து சொல்றேன்."